சுடுறது நான், ஓட்டுறது மாமா

எங்க வீட்டுக்காரரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பி. கடலூர் சிப்காட்டுல எலக்ட்ரீஷியன். ரெண்டாயிரத்துப் பத்துல அவரோட வலது கை சூம்ப ஆரம்பிச்சுது. கடைசியில சட்டை பட்டன்கூடப் போட முடியல. சிதம்பரத்துல டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சே சொன்னாரு: "நரம்பு செத்துக்கிட்டு வருது. இதோட நின்னா புண்ணியம். இடது கையைப் பார்த்துக்கிட்டே இருங்க."

வீட்டுக்கு வந்ததும் பரண்லேருந்து அந்தக் கம்ப்யூட்டரை இறக்கச் சொன்னாரு. அவர் சின்னப் பையனா இருந்தப்ப அவுங்க பெரியப்பா சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது. வெறும் கீபோர்டுதான், அதுக்குள்ளயே எல்லாம். டிவியில சொருகி, டேப்ரெக்கார்டர்ல கேசட்டைப் போட்டா விளையாட்டு ஏறும். ஏறி முடிக்கிற வரைக்கும் கீச்சுகீச்சுன்னு கத்தும். "மிக்ஸியில எலி மாட்டிக்கிச்சா?"ன்னு பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க. பாதியில கரண்ட் போனா மறுபடியும் மொதல்லேருந்து. அப்பல்லாம் கரண்ட் இருந்தாத்தான் அதிசயம்.

அந்த விளையாட்டுல மலைக்கு மேல விமானம் போய்க்கிட்டே இருக்கும், கீழேருந்து ராக்கெட் வரும். மேல கீழ ஓட்ட ஒரு கை, சுட ஒரு கை. சுடுற கை நான். பெட்ரோல் டேங்கைச் சுட்டாத்தான் நம்ம விமானத்துக்குப் பெட்ரோல் ஏறுமாம். "எந்த ஊர் நியாயம் மாமா இது?"ன்னா, "வாயை மூடிக்கிட்டு சுடுடி"ம்பாரு.

நான் மக்குதான். ராக்கெட் வந்தா கண்ணை மூடிக்குவேன். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? எருமை!" அந்தத் திட்டு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இடது கையால சாப்பிட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சு, நான் ஊட்டும்போது மூஞ்சியைத் திருப்பிக்கிற மனுஷன், விமானம் வெடிச்சா மட்டும் பழைய மாமாவா ஆயிடுவாரு. போகப் போக நானும் தேறிட்டேன்.

மறுவருஷம் ஆடியில ஒருநாள், விமானம் ஏற வேண்டிய இடத்துல ஏறாம மலையில மோதிச்சு. "லேட்டா சுட்டா இப்படித்தான்"ன்னாரு. மலையை எங்க சுடுறது? ஓட்டுறது அவரு. மறுநாளும் மோதிச்சு. அவர் இடது கட்டைவிரல் பட்டன்மேல இருக்கு, அழுத்தல. பார்த்துட்டேன். பார்க்காத மாதிரி, "ஆமா மாமா, நான்தான் லேட்டு"ன்னேன்.

அதுக்கப்புறம் தினமும் அதான். விமானம் மோதும், அவர் திட்டுவாரு, நான் தலையாட்டுவேன். "இந்தக் கையையாவது விட்டுவைப்பா"ன்னு திருவந்திபுரம் பெருமாளுக்கு முடி இறக்குறதா வேண்டிக்கிட்டேன்.

ஐப்பசி மழையில ஒரு சாயங்காலம், முதல் மலையிலயே மோதிச்சு. திட்டு வரும்னு பார்த்தேன். வரல. "நான்தான் மாமா, லேட்டா..."ன்னு இழுத்தேன்.

அவர் கை கீபோர்டுமேல அப்படியே கிடந்துச்சு. "இல்லடி. நீ சரியாத்தான் சுட்ட."

கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் செஞ்சது சரின்னு அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். அய்யோ, யாருக்கு வேணும் அந்தப் பேரு? திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா மனுஷன்!