டீச்சர் கழற்ற விடாத கேமரா

சுகந்தி டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு மாப்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் பிழைப்பு. போனில் டீச்சரின் கணவர் மோகன். "அண்ணா, சுகந்தி போயிட்டா. கிளாஸ் எடுத்துட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்துட்டா. தலையில ரத்தக்கசிவாம்." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள்கூட, "படம் பாதியில நிக்குது, ஞாயித்துக்கிழமை ஒழுங்கா வந்து சேருங்க" என்று என்னை விரட்டியவர். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர்.

கூடுவாஞ்சேரியில் வேதியியல் ஆசிரியை என்றுதான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு கேமராவைப் பொருத்தி, வெறும் கண்ணுக்கு எட்டாத வாயு மேகங்களைப் படம் பிடித்தவர் என்பது சிலருக்கே தெரியும். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு வெளிச்சம், இன்னொரு பக்கம் இறங்கி வரும் விமானங்கள். "இந்த வானத்துல என்ன டீச்சர் தெரியும்?" என்று கேட்டால், "ஒரு படத்துல ஒண்ணும் தெரியாதுண்ணா. நிறைய எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். பிளேன் போன கோடு மறைஞ்சிடும், மேகம் வெளிய வந்துடும்" என்பார்.

தன் முதல் படத்தைப் பிரிண்ட் போட அவர் என் கடைக்கு வந்ததில்தான் பழக்கம். "பளிச்சுனு ஆக்கித் தரேன் டீச்சர்" என்று என் கல்யாணக் கைவரிசையைக் காட்டினேன். புள்ளி புள்ளியாக இருந்ததையெல்லாம் துடைத்து வழவழவென்று ஆக்கிவிட்டேன். பார்த்தவர் கடை அதிரச் சிரித்தார். "அண்ணா, அதெல்லாம் பரு இல்ல, நட்சத்திரம்!" சிரித்து முடித்ததும் சொன்னார்: "இருக்கறத எடுக்காதீங்க. இல்லாதத வெக்காதீங்க." அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே கணினி முன் உட்கார்ந்து, வீடியோ பார்த்து, சண்டை போட்டுக் கற்றுக்கொண்டோம். நிறம் எனக்குத் தெரியும், காரணம் அவருக்குத் தெரியும்.

அவரும் சொதப்பியதுண்டு. கேமராவின் கண்ணாடியில் ஒட்டும் தூசு, படத்தில் மங்கலான வளையங்களாக விழும். அதைப் போக்க ஒரு வழி இருக்கிறது. தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தால் தூசு மட்டும் பதியும். அந்தப் பதிவை வைத்துக் கணினி வளையங்களை நீக்கிவிடும். ஆனால் அதுவரை கேமராவை அசைக்கவே கூடாது. டீச்சர் ஒருமுறை மழைக்குப் பயந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் பொருத்தித் துணிப் படம் எடுத்தார். பழைய வளையங்களோடு புது வளையங்களும் சேர்ந்து, படம் பாழ். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே சட்டம்: வேட்டிப் படம் எடுக்கும்வரை கேமராவை யாரும் தொடக்கூடாது. வேட்டி மோகனுடையது. "என் வேட்டிதான் கெடச்சுதா?" என்று அவர் கேட்காத வாரமில்லை.

காரியம் முடிந்த பிறகு மோகன் டீச்சரின் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். "கடைசிப் படத்த ஸ்கூல்ல மாட்டணும்னு கேக்கறாங்க. அழகா பண்ணிக் குடுத்துடுங்கண்ணா." திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, ரோஜாப் பூ மாதிரி விரிந்திருக்கும் மேகம் அது. அடுக்கிப் பார்த்தேன். பூ இருந்தது, பூ முழுக்கத் தூசு வளையங்களும் இருந்தன. வேட்டிப் படத்தைத் தேடினேன், இல்லை. பிரஷ்ஷை எடுத்தால் சீக்கிரமே மறைத்துவிடுவேன், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மறைக்கிற இடத்தில் உள்ள நட்சத்திரங்களும் போகும். டீச்சரின் பெயரில் என் கைவேலை தொங்கும். முடியாது என்று கணினியை மூடினேன்.

மோகனைக் கூப்பிட்டேன். "சார், மாடியில கேமராவக் கழட்டிட்டீங்களா?"

"யாருண்ணா தொடுவா? பெட்ஷீட் போத்தி அப்படியே கீது. அவ போட்ட சட்டமாச்சே."

மறுநாள் காலையில் போனேன். மோகன் இஸ்திரி போட்ட வேட்டியோடு மாடியில் காத்திருந்தார். சுருக்கம் விழாமல் அதை இழுத்துக் கட்டினோம். கேமராவின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்கியது. நானும் அழுதேன், ஆனால் படங்களை முழுசாக எடுத்து முடித்தேன். அங்கேயே லேப்டாப்பில் போட்டோம். கண்ணெதிரில் வளையங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவற்றின் அடியிலிருந்து பொடிப் பொடி நட்சத்திரங்கள் வந்தன. மோகன் வேட்டியை அவிழ்த்து மடித்தார். பிறகு கேட்டார்:

"இப்பக் கழட்டலாமாண்ணா?"

"கழட்டலாம் சார். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கழற்றிய கேமராவை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். அதைவிட, டீச்சர் அன்று என் கடையில் சிரித்து முடித்துச் சொன்னதுதான் நான் வைத்துக்கொள்ளப்போவது. கடைக்குத் திரும்பியதும் பாதியில் நின்ற மாப்பிள்ளையைத் திறந்தேன். பூசிய வெளுப்பை நீக்கி அவர் நிறத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். தாடையில் இருந்த மச்சத்தையும் விட்டுவிட்டேன். சண்டைக்கு வந்தால் வரட்டும். இருக்கிறதை எடுக்க மாட்டேன் டீச்சர்.