கும்பத்துக்கு முன்னால் ஸ்கோப்புகள்

லண்டனில் என் கணவருக்கு ஒரு விசர் பிடித்தது. துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற குழாய் இருக்கிறதே, ஸ்கோப், அதிலே விசர். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனுசன், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுச் சந்தைகளில் பழைய துவக்குச் சாமான் பொறுக்கித் திரிந்தார். மற்றவர்களின் புருசன்மார் குடித்தார்கள், சீட்டாடினார்கள். அந்தப் பெண்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இருந்தது. நான் என்னவென்று சொல்லி அழுவது?

ஊரில் லேத் மெஷினோடு நின்றவர் அவர். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து ஸ்கோப்புகளை அடுக்குவார். சோற்றுக்கோப்பையை நான் மடியில் வைத்துச் சாப்பிடவேண்டும். சாப்பிடும்போது பாடமும் நடக்கும்.

“இஞ்சை பாரும், எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் மயங்குறவங்கள். பார்க்க வேண்டியது மவுண்டை.”

மவுண்ட் என்பது குழாயைத் துவக்கோடு பிடித்து வைக்கிற இரும்புக் கவ்வி. பழைய காலத்தில் அதைக் கையால் அராவி ஒரே ஒரு துவக்குக்குப் பொருத்துவார்களாம். துவக்கை விற்கிறவர்கள் கவ்வியைத் தூக்கி எறிந்துவிடுவதால், சிலவேளை குழாயைவிடக் கவ்விக்குத்தான் மதிப்பாம். குழாயிலும் கவ்வியிலும் ஒரே இலக்கம் குத்தியிருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். “தாயும் பிள்ளையும்” என்பார். இலக்கம் வேறென்றால், “இது வளர்ப்பு.” பிறகு கண்ணாடிக்குள் பூஞ்சணம் இருக்கிறதா, கண்ணாடிகளை ஒட்டின பசை விட்டு ஓரத்தில் வானவில் தெரிகிறதா, உள்ளே குறிபார்க்கிற கோடு நேரே நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எங்கள் கல்யாணத்துக்கு முன் என்னை இவ்வளவு வடிவாகப் பார்த்தாரோ தெரியாது.

ஒருநாள் நான் பாவம் பார்த்து, “தாங்கோ, புளி போட்டு மினுக்கித் தாறன்” என்று ஒன்றைத் தூக்கினேன். பாய்ந்து வந்து பறித்தார். மினுக்கினால் மதிப்புப் போய்விடுமாம். இரும்பில் ஏற்றின கறுப்பு தேய்ந்த இடத்தைப் பார்த்துத்தான் அது எங்கே கிடந்தது, யார் கை பட்டது என்று சொல்லலாமாம். எங்கள் வீட்டில் ஊத்தையாக இருந்து மரியாதை வாங்கிய ஒரே சாமான் அதுதான்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, தம்பி வந்து சேரும் வரைக்கும்.

என் தம்பி அந்தக் கோடையில் வந்து அகதி விண்ணப்பம் போட்டான். ஹோம் ஒபிஸ் இன்னும் பதில் சொல்லவில்லை. “பதில் வரும் வரைக்கும் பொலிசின் கண்ணில் படாமல் இருக்கச் சொல்லுங்கள்” என்று லோயர் இரண்டு தரம் சொன்னார். திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். பிறகு அவனை உயிரோடு பார்ப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மேசை நிறைய ஸ்கோப்பைப் பார்த்ததும் அவன் மூன்று மாதம் மேல்மாடிச் சின்ன அறையிலேயே சாப்பிட்டான்.

நான் கணவரோடு சண்டை பிடித்தேன். “இஞ்சாருங்கோ, இந்தக் கோதாரியைக் கொண்டுபோய் எறியுங்கோ. பெடியன்ரை கேஸ் பழுதாகப்போகுது.”

“துவக்குக்குத்தான் லைசென்ஸ் வேணும். இதுக்கு ஒண்டும் தேவையில்லை” என்றார். சட்டம் தெரிந்தவரோடு வாழ்வது பெரிய கரைச்சல்.

அப்போது சரஸ்வதி பூசை வந்தது. இருப்பறை மூலையில் கும்பம் வைத்து, தம்பியின் இங்கிலிஷ் புத்தகத்தையும் என் தையல் கத்தரிக்கோலையும் முன்னால் வைத்தேன். இவர் ஸ்கோப்புகளைத் தட்டத்தோடு கொண்டுவந்து வரிசையாக வைத்தார்.

“ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் வேறை என்னத்தை வைக்கிறது?”

சந்தனப் பொட்டு வைக்கவும் விடவில்லை, கறுப்பு போய்விடுமாம். “சரஸ்வதிக்கு இல்லாத மதிப்பு உதுகளுக்கோ?” என்று கேட்டுவிட்டு, பூஞ்சணம் பிடித்த ஒன்றுக்குச் சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய பொட்டாக வைத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அதோடு விட்டாரா? பல நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் எறித்தது. ஒரு ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு மேல்மாடி யன்னலுக்குப் போனார். முன்வீட்டுச் செங்கல் வரிசையைப் பார்க்கவேண்டுமாம். வரிசை ஓரத்தில் வளைந்து தெரிந்தால் கண்ணாடி பழுதாம். அந்த வீட்டுக் கிழவி எங்கள் வீட்டைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவள். வலைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவள் இவரைப் பார்த்தாள், இவர் அவளுடைய சுவரைப் பார்த்தார். போன் அவள் பக்கத்தில் இருந்தது.

பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், மற்றவன் மீசை சரியாக முளைக்காதவன். யன்னலில் ஒருவர் குறிபார்ப்பதாகத் தகவல் வந்தது, உள்ளே வரலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். மேலே தம்பி இருக்கிறான். நான் கும்பத்தை மறைத்து நின்றேன். என் உடம்பின் அகலம் அதற்குக் காணவில்லை. குத்துவிளக்கு வெளிச்சத்தில், சாம்பிராணிப் புகைக்குள், வரிசையாகத் துவக்கு ஸ்கோப்புகள். நடுவில் பொட்டு வைத்த மாப்பிள்ளை. இளையவன் பூசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு வயதானவரைப் பார்த்தான்.

இவர் மேலேயிருந்து ஸ்கோப்பும் கையுமாக இறங்கி வந்தார். பயப்படுவார் என்று பார்த்தால், பாடம் தொடங்கிவிட்டார். அது தாயும் பிள்ளையுமாம், இலக்கத்தைப் பாருங்கள் என்று அவருடைய உடைந்த இங்கிலிஷில் நீட்டினார். வயதானவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, டோர்ச்சை அடித்து, குழாயின் இலக்கத்தை வாசித்தார். கவ்வியின் இலக்கத்தையும் வாசித்தார். ஒன்றுதான். “வெரி நைஸ்” என்றார். இனி யன்னலில் நின்று பார்க்கவேண்டாம், கிழவி பயப்படுகிறாள், அவ்வளவுதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. தேத்தண்ணி போடவா என்றுகூடக் கேட்டேன்.

வயதானவர் டோர்ச்சைப் பிடித்தபடியே வாசலுக்குத் திரும்பினார். அங்கே நின்றுவிட்டார்.

தம்பி படியால் இறங்கி வந்திருந்தான். சப்பாத்துகள் கழற்றி வைக்கிற இடத்தில், சுவரைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்து முழங்காலில் நின்றான். மேலே சட்டை இல்லை. அந்தக் குளிரில் முதுகு புல்லரித்திருந்தது. டோர்ச் வெளிச்சம் பட்டதும் வலது தோளை அதற்கு நேரே திருப்பிக் காட்டினான்.

ஏன் சட்டை போடவில்லை என்று வயதானவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். ஊரில் ஆமிக்காரன் சென்ட்ரியில் மறித்து, பெடியன்களின் சட்டையைக் கழற்றி, துவக்கு இடித்த தழும்பு இருக்கிறதா என்று தோளைப் பார்ப்பான். நிலத்தில் தவழ்ந்து தேய்ந்ததா என்று முழங்கையைப் பார்ப்பான். தழும்பு இருந்தால் பிடித்துக்கொண்டு போகிற வரிசை, இல்லாவிட்டால் வீட்டுக்கு. இதையெல்லாம் சொல்ல என் இங்கிலிஷ் போதாது. “துவக்குத் தூக்கவில்லை என்று காட்டுகிறான்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் டோர்ச்சை அணைத்தார். எழும்பச் சொல்லுங்கள் என்றார். இளையவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். என் கணவர் கையில் ஸ்கோப்போடு அப்படியே நின்றார். அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

நான் தம்பிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

“பார்த்து முடிஞ்சுதோ அக்கா?” என்று கேட்டான்.

இங்கே அப்படி ஒருவரும் பார்ப்பதில்லை என்று சொன்னால் அவன் நம்பமாட்டான்.

“ஓமடா, வடிவாப் பார்த்திட்டினம்” என்றேன். “ஒரு தழும்பும் இல்லையாம். சட்டையைப் போடு.”