லுமுட்டில் மூச்சுவிடப் பழகினோம்

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமாகி இரண்டாம் வருடம், நானும் என் கணவர் சேகரும் செமோரிலிருந்து கடலோர ஊரான லுமுட்டுக்கு ஒரு பயிற்சிக்காகப் போனோம். அவர் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். கிழக்குக் கரையில், கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டர் வேலை கிடைத்தது. அங்கே ஹெலிகாப்டரில்தான் போகவேண்டும். அது கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியில் தேறினால்தான் வேலை. அவருக்கோ நீச்சலே தெரியாது.

ஈப்போவுக்கு வந்து காலை ஏழு மணி பஸ் பிடித்தோம். லகாட், போத்தா வழியாக எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரம். லகாட்டில் ஈயம் தோண்டிவிட்ட குட்டைகளைக் கடந்தபோது, "நான் நீந்தப் பழகினது இங்கதாங்க" என்றேன்.

பயிற்சிக் குளத்தின் மேல் ஓர் இரும்புக் கூண்டு தொங்கியது. ஆளை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, தண்ணீருக்குள் இறக்கிக் கவிழ்ப்பார்கள். மார்பில் ஒரு சின்னக் காற்றுக் குப்பி. அதன் வாய்க்குழாயைப் பல்லால் கவ்வி, முதலில் ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மூச்சிழுக்க வேண்டும். சேகர் பதற்றத்தில் ஊத மறந்து இழுத்துவிட்டார். இருமிக்கொண்டே மேலே வந்தார்.

"வேணாம் செல்வி, வீட்டுக்குப் போலாம்."

பயிற்சியாளர் ராஜுவிடம், "அண்ணே, நானும் இறங்கவா?" என்று கேட்டேன்.

"ஆழமில்லாத பக்கம் மட்டும்லா," என்றார் அவர்.

போட்டிருந்த பஞ்சாபி சூட்டோடவே இறங்கினேன். குப்பியைக் கவ்வி, சேகரின் கையைப் பிடித்தபடி மூழ்கினேன். ஊதினேன், இழுத்தேன். காற்று வந்தது. மேலே வந்த குமிழிகளை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் மூழ்கினார். என் விரல்களை நொறுக்குகிற மாதிரிப் பிடித்திருந்தவர், மெல்ல மெல்லப் பிடியைத் தளர்த்தினார்.

மதியம் கூண்டு மறுபடி கவிழ்ந்தது. கரையில் நின்ற எனக்குத்தான் மூச்சு வரவில்லை. கூண்டின் ஜன்னல் வழியாக முதலில் ஒரு கை, பிறகு தலை. குழாயைத் துப்பிவிட்டு, "வந்துட்டேன்லா!" என்று கத்தினார்.

பல வருடம் அந்த மேடைக்குப் போய்வந்தார். நிஜத்தில் குப்பியைக் கவ்வ ஒருநாளும் நேரவில்லை.

லுமுட் போகிறவர்கள் அப்படியே பங்கோர் தீவுக்கும் படகேறிப் போய்வாருங்கள். உட்கார்ந்ததும் வெளியேறும் வழி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த அன்று சாயந்திரம் நாங்களும் போன பங்கோர் படகில் சேகர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துச் சொன்னார்: "ஏதாச்சும் ஆச்சுன்னா நீ இந்த வழியா போயிரு. நான் பின்னாலயே வாரேன்."