பக்கத்தில் மச்சான், ஸ்பீக்கரில் 'பேஜாரு'

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது! பழையதுதான், இரண்டே சீட்டுதான். ஆனால் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டினால் நான் ராஜா! அதில் இல்லாத புளூடூத்தையும் போன மாதம் மாட்டினேன். போன் வந்தால் கையே வைக்க வேண்டாம், அழைப்பவர் பெயரை ஸ்பீக்கரே சொல்லிவிடும்!

என் மனைவியின் அண்ணனுக்கு மட்டும் இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "புள்ளகுட்டிய எங்க உக்கார வெப்ப?" என்று பார்க்கும்போதெல்லாம் குடைவார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் மாமல்லபுரம் அழைத்துப் போனேன். கடற்காற்றில் மனிதர் குளிர்ந்துவிட்டார்.

"சோக்கா கீது மாப்ள! இரு, நானே கால் பண்றேன், எப்டி பேசுதுன்னு பாப்போம்."

நானும் குஷியில் சத்தத்தை முழுதாக ஏற்றினேன். ஸ்பீக்கர் கணீரென்று, "பேஜாரு... பேஜாரு..." என்றது.

அவர் கொடுக்கும் தொல்லைக்கு அவர் நம்பரை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன்! பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்கினேன்.

"யோவ், முன்னால பஸ்ஸு!" என்று மச்சான் அலறினார்.

பிரேக்கை மிதித்தேன். மயிரிழையில் தப்பினோம். ஓரமாக நிறுத்திய பிறகும் ஸ்பீக்கர் விடாமல் கூவியது. மச்சான் முறைத்துவிட்டுத் தன் போனை நீட்டினார். அதில் என் பெயர் 'ரெண்டு சீட்டு லூசு'.

இப்போதெல்லாம் புதிதாக எதை மாட்டினாலும் வண்டியை நிறுத்திவைத்துத்தான் சோதிக்கிறேன். என் போனில் அவர் 'பெரிய மச்சான்' ஆகிவிட்டார். அவரோ, "நீ மொதல்ல வண்டிய மாத்து, நான் பேர மாத்துறேன்" என்கிறார்.