நூல் விலகாத நாற்காலிகள்

பல்கலைக்கழகத்தின் சின்ன அரங்கில் இருநூற்று இருபது நாற்காலிகள். அவற்றைப் போடுவதும் எடுப்பதும் துடைப்பதும் அக்காவின் வேலை. எல்லோருக்குமே அவள் அக்காதான். மாணவர்களுக்கும், வாட்ச்மேனுக்கும், அவளைவிடப் பத்து வயது மூத்த எலக்ட்ரீஷியனுக்கும்கூட. சொந்தத் தம்பி அதே வளாகத்தில் மாணவர் சேவைப் பிரிவில் அதிகாரியாக இருந்ததால், யார் அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினேழு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். கைக்கு வரும் சட்டையை முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே படிந்த பழக்கம். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் நன்றாகத்தான் இருக்கும். கம்பெனியை மூடிவிட்டார்கள், பழக்கம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரர் முகத்துக்கு முன்னாலேயே படிப்பாள். வேன் ஓட்டும் அவள் கணவரை, தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே மாமா என்றது. "இவகிட்ட பூவைக் குடுத்தாலும் திருப்பிக் காம்பைப் பார்ப்பா" என்பார் மாமா.

அரங்கத் தரையில் கோடு எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பக்கச் சுவரிலும் ஆணி அடித்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தடித்த வெள்ளை நூலை இழுத்துக் கட்டுவாள். நாற்காலிகளின் முன்கால்கள் நூலைத் தொட்டு நிற்கும். பிறகு நூலைச் சுற்றி வைத்துவிடுவாள். நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி நூலைக் கட்டுவாள். யாராவது உட்கார்ந்து எழுந்த நாற்காலி நூலைவிட்டு விலகியிருக்கும். உட்காராதது அப்படியே நிற்கும். உட்காராத நாற்காலியைத் துடைப்பது வீண்வேலை. அதற்காக அவளே கண்டுபிடித்த வழி இது. எத்தனை துடைத்தோம் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியும் வைப்பாள். யாரும் கேட்டதில்லை.

அந்த நோட்டுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு முதலாண்டு மாணவர்களுக்குத் தம்பியின் பிரிவு ஒரு நிகழ்ச்சி நடத்தியது. எப்படிப் படிப்பது, உதவித்தொகைக்கு எங்கே எழுதுவது, மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது என்று யாராவது வந்து பேசுவார்கள். வாசலில் இருக்கும் மிஷினில் மாணவர்கள் கார்டைத் தட்டினால் ஒரு புள்ளி ஏறும். ஒரே நேரத்தில் நாலு கட்டடத்தில் நாலு நிகழ்ச்சி. தம்பி மற்ற மூன்றையும் பார்த்துவிட்டு, எல்லாம் முடிகிற ஐந்தரைக்குத்தான் சின்ன அரங்குக்கு வருவான். அக்காவும் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டாள். பக்கத்துக் கட்டடத்தின் மூன்று மாடி வகுப்பறைகளைப் பூட்டுவது அவள் பொறுப்பு.

ஒரு புதன்கிழமை திரும்பி வந்தபோது மிஷினின் சின்னத் திரையில் 186 என்று மின்னியது. நூலைக் கட்டினாள். விலகியிருந்தவை நாற்பத்து மூன்று. நூலை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். நாற்பத்து மூன்றேதான். அடுத்த வாரம் மிஷினில் 191, நோட்டில் 39. அதற்கடுத்த வாரம் 178, 47.

தம்பியின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாணவர் சேவைகள் எப்படி நடக்கின்றன என்று மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அவர்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு என்று சொல்லியிருந்தார்கள். 'ஆள் கணக்கைக் கூட்டிக் காட்டுகிறானா?' என்று ஒரு நினைப்பு அக்காவின் மனதில் விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை.

அதன்பின் தம்பி எதைச் செய்தாலும் அவளுக்கு உள்பக்கம் தெரிந்தது. அவள் காபி கொண்டுபோனால் மடிக்கணினியைப் பட்டென்று மூடினான். போனில், "அதை இப்ப வெளியில சொல்லாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று யாரிடமோ குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. மாணவர் கார்டுகள். எண்ணினாள். பதினொன்று.

கட்டை இருந்த இடத்திலேயே வைத்து, சட்டையைத் துவைக்காமல் மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"என்னம்மா, அந்தச் சட்டை மட்டும் அழுக்காகலையா?" என்றார் மாமா.

"ஆகியிருக்கு. எவ்வளவு ஆகியிருக்குன்னுதான் தெரியல."

அன்று சாப்பிடும்போது தம்பி, எதையோ சாதாரணமாகக் கேட்பதுபோல, "அக்கா, சின்ன அரங்கோட சைடு கதவு சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?" என்றான்.

"ஏன், உனக்கு வேணுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

இந்தக் குடும்பத்தில் சும்மா கேட்பது என்று ஒன்று இருந்ததே இல்லை. அவள் தட்டைப் பார்த்தபடி, "என்கிட்ட மட்டும்தான்" என்றாள். அவன் முகம் வாடியது. வாடினதையும் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை நிர்வாக அலுவலகக் கிளார்க் வந்தார். ரப்பர் ஸ்டாம்பைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிவதால் அவருக்கு முத்திரை என்று பெயர். கையில் அரங்கப் பயன்பாட்டுச் சான்று. எட்டு புதன்கிழமைகள், எட்டு எண்கள், எல்லாம் மிஷினிலிருந்து எடுத்தவை. கீழே 'அரங்கப் பொறுப்பாளர்' என்று ஒரு காலி இடம்.

"இங்க ஒரு கையெழுத்துக்கா. வெள்ளிக்கிழமை குழு வருது."

"பார்த்துட்டுத் தர்றேன்."

"பார்க்க என்னக்கா இருக்கு? உங்க தம்பி கணக்குதானே? அவர் வேலை நிரந்தரமானா உங்களுக்குத்தானே பெருமை!"

"பெருமையை அப்புறம் பார்த்துக்கலாம். தாளை வெச்சுட்டுப் போங்க."

இரண்டு நாள் அந்தத் தாள் அவள் பையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால், இரண்டு ஷிப்ட் பார்த்து, கண்ணெரிய நூல் பார்த்துப் படிக்கவைத்த பிள்ளையின் வேலைக்கு அவளே உலை. அவன் பட்டம் வாங்கிய அன்று அக்கம்பக்கத்தில் எத்தனை கதவைத் தட்டியிருப்பாள் என்று அவளுக்கே நினைவில்லை.

புதன்கிழமை ஐந்தரை தாண்டி, எல்லோரும் போன பிறகு தம்பி அரங்குக்கு வந்தபோது, பதினொரு வரிசைக்கும் நூல் கட்டி, அக்கா நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்து" என்றாள். "மிஷின்ல எவ்வளவு?"

"நூத்தி எண்பத்தி ரெண்டு."

"இங்க நாப்பத்தி நாலு. உட்கார்ந்து எழுந்த நாற்காலி நூல்ல நிக்காது. வேணும்னா நீயே எண்ணு."

அவன் வரிசையாக நடந்து பார்த்தான். கடைசி வரிசைகளில் கால்கள் நூலைத் தொட்டபடி பள்ளிப் பிள்ளைகள்போல நின்றன.

"எத்தனை நாளா எண்ணுற?"

"நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. உன் பையில பதினோரு கார்டு எதுக்குடா?"

"பையைப் பார்த்தியா?"

"துவைக்கிறவ பார்க்காம யாரு பார்ப்பா? சொல்லு. நீயே தட்டினியா?"

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முன்வரிசை நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தான். நூல் அறுந்தது.

"என்னையாக்கா சந்தேகப்பட்ட?"

"பதில் சொல்லுடா!"

"ஒரு பொண்ணு தோழிங்க கார்டெல்லாம் வாங்கிட்டு வந்து வரிசையா தட்டிட்டு இருந்துச்சு. பிடுங்கி வெச்சேன். மூணு வாரம் முன்னால பாதியில வந்து பார்த்தேன். உள்ள ஐம்பது பேர்கூட இல்ல. மிஷினைத் தட்டறாங்க, நடைவழியில நடக்கறாங்க, உட்காராமலே சைடு கதவு வழியா வெளியில போயிடறாங்க. யாரு எப்ப போறாங்கன்னுதான் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு இருந்தேன்."

"அப்ப ஏன் ஆபீஸ்ல சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "சைடு கதவை யார் திறந்துவிட்டாங்கன்னு கேப்பாங்களே."

அக்கா அவன் எதிரே வந்து நின்றாள். "நான் திறந்துவிட்டேன்னு நினைச்சியா?"

"சாவி உன்கிட்டதான் இருக்குன்னு நீதானே சொன்ன? என் மேல இருக்கற பாசத்துல, 'தட்டிட்டுப் போங்கப்பா, என் தம்பிக்கு நல்லது'ன்னு சொல்லியிருப்பியோன்னு... உன் வேலை கான்ட்ராக்ட். போச்சுன்னா போச்சு."

"அடப்பாவி! கதவைத் திறந்தது நான்தான். செங்கல்லு முட்டுக்குடுத்து வெச்சதும் நான்தான். உள்ள புழுங்குதே, பிள்ளைங்களுக்குக் காத்து வரட்டும்னு வெச்சேன்டா!"

இருவரும் சைடு கதவைப் பார்த்தார்கள். செங்கல் தன்பாட்டுக்குக் கிடந்தது. தம்பிதான் முதலில் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அறுந்த நூலின் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டாள்.

"நோட்டுல இருக்கறதையே எழுதிக் கையெழுத்துப் போடு" என்றான் தம்பி. "நான் பார்த்ததை நான் எழுதறேன். வேலை போனா போகட்டும்."

"போகட்டுமா? உன் ஐடி கார்டைத் தெரு பூரா காட்டிட்டேன்டா நான்."

ஆனாலும் எழுதினாள். எட்டு எண்களையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தன் எண்களைப் போட்டு, பெயரைக் கூட்டெழுத்து இல்லாமல் தெளிவாக எழுதினாள். தாளைப் பார்த்த முத்திரை, ஸ்டாம்பைப் பைக்குள்ளேயே அமுக்கிக்கொண்டு, "இதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

வியாழக்கிழமை காலை சைடு கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தியைப் பிடித்தாள். "ஏம்மா, தட்டிட்டு ஏன் ஓடுறீங்க?"

அவள் பயந்துபோய்ப் பையை அணைத்துக்கொண்டாள். அக்காவின் குரல் எப்போதுமே விசாரணைக் குரல்தான்.

"கடைசி பஸ் நாலே முக்காலுக்குக்கா. பத்துப் புள்ளி இல்லேன்னா அடுத்த வருஷம் ஹாஸ்டல்ல ரூம் இல்ல. என்ன பண்றது?"

"பஸ் இல்லாட்டி உட்காருவீங்களா?"

"மேடையில பேசறதெல்லாம் கையேட்டுலயே இருக்குக்கா. எங்களுக்கு எந்த ஃபாரத்தை எந்தக் கவுன்டர்ல குடுக்கறதுன்னுதான் தெரியல. போன வாரம் உங்ககிட்டதானே கேட்டேன்? நீங்கதான் நாலாம் நம்பர்னு சொன்னீங்க."

அக்கா போய்ச் சொன்னதும், அதையும் தம்பி எழுதிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை குழுவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குட்டையான தலைமுடி, கையில் பென்சில், யாரையும் நம்பாத பார்வை. அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"நாற்காலியை வெச்சு எப்படிம்மா ஆளை எண்ணுவீங்க? உங்க தம்பி சொல்லிக்குடுத்த கதையா?"

"நம்பாதீங்க. சோதிச்சுப் பாருங்க."

அக்காவை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நடமாடும் சத்தம், ஒரு இருமல். பிறகு கூப்பிட்டார்கள். அவள் நூலைக் கட்டி, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முத்திரை வாசலில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு நாற்காலி விலகியிருக்கு" என்றாள். "ஆனா உட்கார்ந்தது ஏழு பேர். ஆறாவது வரிசையில இது கையால தள்ளினது. உட்கார்ந்து எழுந்தா ஒரு பக்கமா சாஞ்சு திரும்பும். இது ரெண்டு காலும் ஒரே நேரா போயிருக்கு."

அம்மாள் பென்சிலைக் காதில் செருகினார். "நான்தான் தள்ளினேன்" என்றார்.

அன்று மதியம்வரை அந்த நோட்டு அவரிடம் இருந்தது. தம்பியைத் தனியாக ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். கதவைத் திறந்துவைத்ததற்கு அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததற்குத் தம்பிக்கும் ஒன்று வந்தது. அவன் வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் நிகழ்ச்சியை மாற்றும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்கள். ஹாஸ்டல் அறைக்குப் புள்ளி என்ற ஏற்பாடு ஒழிந்தது. மிஷின் இனி எண்ணிக்கைக்கு மட்டும்; காற்றுக்காகச் சைடு கதவைத் திறந்துவைக்கலாம் என்றும் ஆனது. நேரம் மதிய உணவு இடைவேளைக்கு வந்தது. மேடைப் பேச்சு போய், ஒவ்வொரு கவுன்டரிலிருந்தும் ஒருவர் வந்து அரங்கில் உட்கார்ந்து, கேட்பதற்குப் பதில் சொல்வது என்று ஆனது. வகுப்பறை பூட்டும் வேலை மாலையில்தான் என்பதால் அக்காவுக்கும் அந்த நேரம் கை சும்மா இருந்தது.

"ஒரு வருஷம்னா ஒரு வருஷம்" என்றார் மாமா. "நீ அதுக்குள்ள அந்த நாற்காலிகளுக்கு வாக்குமூலம் குடுக்கக் கத்துக்குடுத்துடுவ."

புது ஏற்பாட்டின் முதல் புதன்கிழமை. நிகழ்ச்சி முடிந்ததும் தம்பி மிஷினைப் பார்த்து, "முப்பத்தெட்டு" என்றான். குரலில் உற்சாகம் இல்லை. அக்கா நூலைக் கட்டினாள். கவுன்டர்காரர்களின் நாற்காலிகளைத் தனியாகத் தள்ளிவிட்டு எண்ணினாள். நின்றாள். மறுபடி எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு."

"நூல் தளர்ந்திருக்கும்."

"என் நூலா?"

கடைசி வரிசை, சைடு கதவை ஒட்டி. மூன்று நாற்காலிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியிருந்தன. உட்கார்ந்து எழுந்தவைதான்; கையால் தள்ளியவை இல்லை.

"மூணு பேர் தட்டாம சைடு கதவு வழியா உள்ள வந்திருக்காங்க" என்றான் தம்பி மெதுவாக.

"தட்டாம எதுக்கு வரணும்?"

"ஏதாவது கேக்கணும்னு வந்திருப்பாங்க."

"புள்ளியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சும்மாவா வருவாங்க?" என்று அக்கா மைக்குகளை எண்ணினாள், ஃபேன் சுவிட்சுகளைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் இருந்தன. நோட்டில் 41 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அடுத்த புதன்கிழமை செங்கல்லை வழக்கம்போல முட்டுக்கொடுத்து வைத்தாள். பிறகு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவின் பின்பக்கமாகப் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படாதபடி உட்கார்ந்துகொண்டாள். அந்த மூன்று பேர் யாரென்று பார்க்காமல் விடுவதாக இல்லை.