நானே தெரிந்தெடுத்த முன்பல்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். எங்கள் குடும்பத்தில் வீட்டோடு பல்லும் போகும். மேல் முன்பல் இரண்டும் அகன்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். எனக்கு அம்மா தந்தது. என் ஒரே மகளுக்கு நான் தந்தேன்.

அவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும் இந்தச் சீதனம் சந்திக்கு வந்தது. "புள்ள தங்கம். பல்லுதான் கொஞ்சம்..." என்று தரகர் இழுத்தார். "மாப்பிள பல்லுக்கா தாலி கட்டப்போறார்?" என்று கேட்டேன். மனுசன் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார். மகளோ அன்றிலிருந்து ஆட்களுக்கு முன்னால் சிரிப்பதையே விட்டுவிட்டாள். "இதுதான் புள்ள வடிவு. ஊரில ஆருக்கு இரிக்கு இந்தப் பல்லு?" என்று நாள் தவறாமல் அவளுக்குச் சொல்லிவந்தேன்.

அதற்கிடையில் சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், என் மேல்வரிசை ஆடத் தொடங்கி, கடைசியில் முழுதும் போனது. பல் போன முரசு ஆறியதும் களுதாவளையில் பஸ் ஏறி டவுனுக்குப் பல் டொக்டரிடம் போனேன். கூறைச் சேலை எடுக்கப் போகிறவள் போல மச்சாளும் கூடவே வந்தாள்.

டொக்டர் ஒரு பெட்டி நிறையப் பல்லைத் திறந்து வைத்தார். முகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுதான் முன்பல்லின் வடிவம் என்று ஒரு கணக்காம். சதுர முகத்துக்குச் சதுரப் பல். நீள்வட்ட முகத்துக்கு ஓரம் வளைந்த பல். நாடி ஒடுங்கிய முகத்துக்கு முரசுப் பக்கம் ஒடுங்கிய பல். வயது போனவர்களுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறம்தான் பொருந்தும், ஓரத்துக் கூரான வேட்டைப்பல் அதிலும் ஒரு படி மஞ்சளாக இருக்கவேணும் என்றார். என் சதுர முகத்துக்கு இவ்வளவு படிப்பு இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

கேட்டோமா? முல்லை அரும்பு போலச் சின்னதாய், வெள்ளை வெளேரென்று இருந்த வரிசையில்தான் மச்சாள் கை வைத்தாள். நானும் தலையாட்டினேன். "உங்கட முகத்துக்கு இது ஒத்துவராதம்மா" என்றார் டொக்டர். "பரவாயில்ல, முகம் ஒத்துவரும்" என்றேன்.

மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளன்று மகள் என்னோடு வந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

"எப்பிடிப் புள்ள, வடிவா இரிக்கா?"

"வடிவாத்தான் இரிக்கும்மா. எனக்கும் எல்லாத்தையும் புடுங்கிப்போட்டு இப்பிடி வைக்கேலுமா எண்டு டொக்டரக் கேளுங்க."

அவள் பகிடி பண்ணவில்லை. வாயிலிருந்ததைக் கழற்றி டொக்டரின் கையில் கொடுத்தேன்.

"பெரிய பல்லா வைங்க. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கவேணும்."

"பல்ல நேராக்கத்தானே அம்மா சனம் என்னட்ட வாறது?"

"நான் கோணலாக்க வந்திரிக்கன்."

டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெழுகுதானே, மாற்றலாம் என்றார். ஆனால் பழைய பல் எப்படி இருந்ததென்று அவருக்குத் தெரியவேண்டுமே. மகளைக் கதிரையில் இருத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, அவளுடைய முன்பல் இரண்டையும் அளந்தார். மகளிடமிருந்து தாய்க்குச் சீதனம் போனதை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

அடுத்த மாதம் சித்தாண்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் தாய் என் வாயைப் பார்த்தார், மகளின் வாயைப் பார்த்தார்.

"புள்ளைக்கு அப்பிடியே தாயிட பல்லு" என்றார். அது புகழ்ச்சி இல்லை என்று எல்லோருக்கும் விளங்கியது. மகள் தலையைக் குனிந்தாள்.

"ஓம்" என்றேன். "டொக்டர்ட பெட்டியில எத்தினையோ வடிவான பல்லு இரிந்திச்சு. எல்லாத்தையும் வச்சுப் பாத்துப்போட்டு இதத்தான் நான் தெரிஞ்செடுத்தன்."

அவர் நம்பவில்லை போலிருந்தது. மேல்வரிசையை அப்படியே கழற்றி உள்ளங்கையில் வைத்து அந்த அம்மாவுக்கு முன்னால் நீட்டினேன்.

சபையில் முதலில் சிரித்தது என் மகள்தான்.