மூன்றாம் தட்டில் ஒளிந்தவள்

எனக்கு எண்பத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளையும் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கினேன். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் லண்டனில் நான் கூட்டித் துடைத்த இடத்தை யாரும் திரும்பக் கூட்டச் சொன்னதில்லை. துப்புரவு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

1. கப்பல்

எண்பதுகளின் கடைசி. கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரில் இருந்து எங்களை வேனில் ஏற்றி, ஆற்றோரம் கப்பல் திருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு கன்டெய்னர் கப்பல் நின்றது. பெட்டிகளை அடுக்குகிற ஆழமான அறைகளுக்குள் இரும்புத் தட்டுகள் போட்டு, தட்டுக்குத் தட்டு வாகனம் ஏற ராம்ப் வைத்து, அதை இராணுவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். டாங்கியையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடவேண்டிய கப்பல் என்று எங்கள் சூப்பர்வைசர் கென் சொன்னார்.

வாகனங்களைச் சங்கிலியால் இழுத்துக் கட்டுவதற்கு இரும்புத் தரை முழுக்கக் கிண்ணம்போலக் குழிகள். வெல்டிங் தூள் அதற்குள் நிறைந்துவிடும். முழங்காலில் இருந்து பிரஷ்ஷால் கிளறி எடுக்க வேண்டும்.

என்னோடு புஷ்பம் வேலை செய்தாள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடந்தபோது இராணுவம் அவளுடைய புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அவர் பதில் சொல்லி வெளியே போனார். திரும்பி வரவில்லை.

2. சத்தம்

ஒருநாள் மத்தியானம், எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல், வாகனங்களை ஏற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். டாங்கியின் சங்கிலிச் சக்கரம் இரும்பு ராம்பில் ஏறிய சத்தத்தில் தட்டு முழுக்க அதிர்ந்தது. பெண்கள் எல்லோரும் படியால் மேலே ஓடினோம். மேலே வந்து பார்த்தால் புஷ்பம் இல்லை.

கென் இரண்டு சிப்பாய்களை அனுப்பினார். அவர்கள் டோர்ச் அடித்து, "புஷ்பம், புஷ்பம்" என்று கூப்பிட்டுக்கொண்டு, நாங்கள் கூட்டிக்கொண்டிருந்த மூன்றாம் தட்டு முழுக்க நடந்தார்கள். பதில் இல்லை. உள்ளே ஆள் இல்லை, பஸ் எடுத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று கென் முடிவு கட்டினார். அடுத்த டாங்கி ராம்ப் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சப்பாத்துச் சத்தத்தோடு பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் செத்தாலும் பதில் சொல்லமாட்டாள்.

நான் இறங்கிப்போய் டாங்கிக்கு முன்னால் நின்றேன். கால் நடுங்கியது. இங்கிலீஷ் வரவில்லை.

"ஸ்டாப். லேடி இன்சைட்."

கென் கத்தினார். விலகாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை என்றார். நான் விலகவில்லை. டாங்கிக்குள் இருந்த அதிகாரி என் முகத்தை ஒருக்கா பார்த்தார், கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது.

3. பள்ளம்

தனியே உள்ளே போனேன். டீசல் புகை கண்ணை எரித்தது. நிழல் எல்லாம் ஆளாகத் தெரிந்தது. எனக்கும் ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

"புஷ்பம், நான்தான். ஒருத்தரும் என்னோட வரேல்லை."

இரண்டு தரம் சொன்ன பிறகு, தரையில் இருந்து குரல் வந்தது.

"அக்கா, அவங்கள் போயிட்டாங்களோ?"

மேலே தூக்கி வைத்திருந்த உள் ராம்ப் இறங்கி அமர்கிற பள்ளத்தில், வாயைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். அந்த ராம்பைத்தான் அடுத்து இறக்க இருந்தார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"எழும்பு. உந்தப் பள்ளத்தை இண்டைக்குக் காலமை நான்தான் கூட்டினனான். திருப்பி ஊத்தையாக்காதை."

அவள் சிரிக்கத் தொடங்கி அழுதாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அவள் கிடந்த இடத்தை நான் காட்டியதும் கென்னின் முகம் வெளிறிப்போனது. கூப்பிட்டபோது ஏன் பேசவில்லை என்று கேட்டார். அதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை. பிறகு அவரே எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

பின்னாளில் நானும் சூப்பர்வைசர் ஆனேன். ஆஸ்பத்திரி, கம்பனிக் கந்தோர், எங்கே போனாலும், இன்றைக்கு என்ன சத்தம் கேட்கும், எந்த உடுப்போடு யார் வருவார்கள் என்று சொல்லாமல் ஒருத்தியையும் வேலைக்கு இறக்கியதில்லை. ஆளைக் காணவில்லை என்றால், அவள் நம்புகிற ஆளை அனுப்பித் தேடுங்கள். பதில் வரவில்லை என்பதால் உள்ளே ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள்.

அபி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். பின்னேரம் புஷ்பம் அம்மம்மா வருவா. அவ வர முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை. எனக்குக் கால் நடுங்கினதை விட்டிடாதை.